தெளிந்து தேர்தல்: முத்துக்குளித்துறையில் இறைவனின் வழிநடத்துதலைக் கேட்கும் மரபு

தெளிந்து தேர்தல் என்பது, அன்றாட வாழ்வில் எடுக்க வேண்டிய முடிவுகளில் இறைவனின் விருப்பம் எது என்று செபத்தோடும் சிந்தனையோடும் ஆராய்ந்து அறியும் கிறித்தவ ஆன்மிகப் பழக்கம் ஆகும். கனவு, குறி, சகுனம் ஆகியவற்றைக் கொண்டு எதிர்காலத்தை அறிய முயல்வதிலிருந்து இது வேறுபட்டது. நாளை என்ன நடக்கும் என்று இப்பழக்கம் கேட்பதில்லை. இன்று எதைச் செய்வது இறைவனுக்கு உகந்தது என்றே கேட்கிறது.

இப்பழக்கம் கிறித்தவத்தின் எல்லாப் பிரிவுகளிலும் உண்டு. அதற்கு முறையான விதிகளை வகுத்தவர்களுள் முதன்மையானவர் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் (1491–1556). அவருடைய தோழர் புனித பிரான்சிசு சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். பின்னர் வந்த அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலை மையமாகக் கொண்டு அரை நூற்றாண்டுக் காலம் பணியாற்றினார். இவ்விருவர் வழியாக இஞ்ஞாசியாரின் முறை மிகத் தொடக்கத்திலேயே தமிழ்நாட்டுக் கடற்கரையை வந்தடைந்தது.

சொல்லும் பொருளும்

தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் இப்பழக்கம் ‘தெளிந்து தேர்தல்’, ‘தேர்ந்து தெளிதல்’ என இரு வகையாகவும் வழங்கப்படுகிறது. முதலில் தெளிவு, பிறகு தேர்வு என்பது முன்னதன் வரிசை. ஆராய்ந்து பார்த்த பிறகே தெளிவு பிறக்கும் என்பது பின்னதன் கருத்து. இரண்டும் உண்மையே.

தமிழ் மாணவர்களுக்கு இச்சொல் புதியதன்று. திருக்குறளின் 51-ஆம் அதிகாரத்தின் பெயரே ‘தெரிந்து தெளிதல்’. ஒருவரை ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பின் ஐயப்படுவதும் தீராத துன்பம் தரும் என்பது அவ்வதிகாரத்தின் முடிவுக் கருத்து. வள்ளுவர் அங்கே பேசுவது அரசன் தன் பணியாளரைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றி. கிறித்தவ ஆன்மிகம் அதே ஆராய்ச்சியை மனத்திற்குள் எழும் எண்ணங்களின் மீது செலுத்துகிறது. எந்த எண்ணத்தை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதே அதன் கேள்வி.

விவிலியப் பின்னணி

இப்பழக்கத்திற்கு அடிப்படையாக விவிலியப் பகுதிகள் பல காட்டப்படுகின்றன. அவற்றுள் முக்கியமானவை:

சிறுவன் சாமுவேல் (1 சாமுவேல் 3): இரவில் தன்னை யாரோ அழைப்பதைக் கேட்ட சாமுவேல், அது குரு ஏலியின் குரல் என்று நினைத்து மூன்று முறை அவரிடம் ஓடுகிறான். அழைப்பது இறைவன் என்பதை ஏலிதான் உணர்த்துகிறார். அனுபவமுள்ள ஒருவரின் துணை தேவை என்பதற்கு இது சான்று.

ஓரேபு மலையில் எலியா (1 அரசர்கள் 19): பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் இல்லாத இறைவனை எலியா ஒரு மெல்லிய ஒலியில் உணர்கிறார். ஆரவாரம் மிகுந்ததே இறைக்குரல் என்று எண்ணக் கூடாது என்பது இதன் பாடம்.

பவுலின் பயணம் (திருத்தூதர் பணிகள் 16): பவுல் போக நினைத்த இரு திசைகள் அடைபடுகின்றன. அதன் பிறகே மாசிதோனியாவுக்கான வழி திறக்கிறது. வழி அடைபடுவதும் வழிநடத்துதலின் ஒரு பகுதியாகலாம்.

இவற்றோடு, எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நல்லதைக் கொள்ளுமாறு தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் மடலும் (5:21), தூண்டுதல் அனைத்தையும் நம்பிவிடாமல் சோதித்தறியுமாறு யோவானின் முதல் மடலும் (4:1) அறிவுறுத்துகின்றன. ஆகவே, சோதித்துப் பார்ப்பது நம்பிக்கைக் குறைவின் அடையாளம் அன்று. நம்பிக்கையாளர் செய்ய வேண்டிய கடமை.

இஞ்ஞாசியார் கற்றுக்கொண்ட விதம்

இஞ்ஞாசியார் தொடக்கத்தில் போர்வீரர். 1521 மே மாதம் பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு தாக்கி அவர் கால் முறிந்தது. இலொயோலாவில் உள்ள குடும்ப வீட்டில் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். பொழுதுபோக்க வீரக்கதைகளைக் கேட்டார். அவ்வீட்டில் கிடைத்தவை இரண்டு நூல்களே: ஒன்று கிறித்துவின் வாழ்க்கை, மற்றொன்று ‘புளோஸ் சாங்க்தோரும்’ என்ற பெயரில் வழங்கிய புனிதர் வரலாறு.

படுக்கையில் அவர் மனம் இரு வகைக் கற்பனைகளில் மாறி மாறி அலைந்தது. ஓர் உயர்குலப் பெண்ணின் மனத்தைக் கவர வீரச்செயல் செய்வதாக எண்ணிப் பார்ப்பார். மற்றொரு வேளை, புனிதர்கள் செய்ததைத் தாமும் செய்வதாக எண்ணிப் பார்ப்பார். எண்ணும் நேரத்தில் இரண்டும் இனித்தன. ஆனால் முதல் வகை எண்ணம் நின்றதும் மனம் வறண்டு சலித்துப் போயிற்று. இரண்டாவது வகை எண்ணம் நின்ற பிறகும் மகிழ்ச்சி தங்கியிருந்தது. இந்த வேறுபாட்டை அவர் ஒரு நாள் கவனித்தார். ஓர் எண்ணம் வரும்போது தரும் இன்பத்தை வைத்து அதை எடை போட முடியாது. அது விட்டுச்செல்லும் விளைவை வைத்தே எடை போட வேண்டும் என்பது அவர் கண்ட முதல் பாடம். பிற்கால விதிகள் அனைத்தும் இதிலிருந்து கிளைத்தவையே.

எனினும் அவர் உடனே தேர்ச்சி பெற்றுவிடவில்லை. 1522-இல் மொன்செராத்து நோக்கிச் செல்லும் வழியில் ஓர் இசுலாமியருடன் மரியாவைப் பற்றி வாதம் ஏற்பட்டது. அவர் விரைந்து முன்னே சென்றுவிட்டார். மரியாவின் மாண்பைக் காக்க அவரைத் தேடிச் சென்று கத்தியால் குத்துவதா, விட்டுவிடுவதா என்று இஞ்ஞாசியாருக்குத் தெரியவில்லை. பாதை பிரியும் இடத்தில் தம் கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். அது அம்மனிதர் சென்ற வழியில் போனால் குத்துவது, வேறு வழியில் போனால் விட்டுவிடுவது என்று முடிவு செய்தார். கழுதை வேறு வழியில் போயிற்று. ஓர் உயிர் தப்பியது. முதுமையில் தம் வரலாற்றைச் சொன்னபோது இந்நிகழ்ச்சியை அவர் மறைக்கவில்லை. அக்காலத்தில் தம் ஆன்மா எவ்வளவு குருடாக இருந்தது என்பதைக் காட்டவே அதைச் சொன்னார். கொலை இறைவிருப்பமா என்று ஆராயவே தேவையில்லை. தீயது என்று தெளிவாகத் தெரிந்த ஒன்று ஒருபோதும் தேர்வுக்குரிய பொருள் ஆகாது என்பதைப் பின்னர் அவரே விதியாக எழுதினார்.

1523-இல் எருசலேமை அடைந்தபோது, வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்குவது இறைவிருப்பம் என்று அவர் உறுதியாக நம்பினார். ஆனால் புனித இடங்களுக்குப் பொறுப்பாக இருந்த பிரான்சிசுகன் சபைத் தலைவர் அவர் தங்குவதற்கு இசையவில்லை. இஞ்ஞாசியார் அதை ஏற்றுத் திரும்பினார். உள்மன உறுதி மட்டும் போதாது, அது வெளியிலிருந்தும் உறுதிப்பட வேண்டும் என்பது அவர் கற்ற இரண்டாவது பாடம். இவ்வனுபவங்களைத் தொகுத்து அவர் எழுதிய ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்னும் நூலுக்கு 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தார்.

சவேரியாரின் முடிவு: நாகப்பட்டினமும் மயிலாப்பூரும்

தமிழ் மண்ணில் இம்முறை செயல்பட்டதற்குத் தெளிவான எழுத்துச் சான்று சவேரியாரின் 1545-ஆம் ஆண்டுக் கடிதங்களில் உள்ளது.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களில், போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிய சூழ்நிலையில், திருமுழுக்குப் பெற்றிருந்தனர். அவர்களுக்கு மறைக்கல்வி புகட்ட ஆளில்லாத நிலையில் 1542-இல் சவேரியார் வந்தார். 1544-இல் மன்னாரில் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்வித்தான். அதற்காக அவன் மீது படையெடுக்க வேண்டும் என்று சவேரியார் போர்த்துக்கீசிய ஆளுநரை வேண்டினார். அப்படையை எதிர்பார்த்து 1545-இல் நாகப்பட்டினம் வந்து சேர்ந்தார்.

படையெடுப்பு நடக்கவில்லை. பெகு நாட்டிலிருந்து வந்த போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டி, அதன் சரக்குகள் அரசன் கைக்குப் போயின. சரக்கு திரும்பக் கிடைக்கும் வரை அவன் மீது கை வைக்க யாருக்கும் மனமில்லை. கன்னியாகுமரிப் பக்கம் திரும்பிச் செல்லக் காற்றும் இடம் கொடுக்கவில்லை.

சவேரியாரின் முன் இப்போது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தாம் திருமுழுக்குக் கொடுத்தும் கற்பித்தும் வளர்த்த கடற்கரை மக்களிடமே திரும்புவது. மற்றொன்று, கிழக்கே மலாக்கா சென்று, அங்கிருந்து மறைப்பணியாளர் இல்லாத மக்காசார் தீவுக்குப் போவது. இரண்டும் நல்லவையே, அதனாலேயே முடிவு கடினமானது. போனால் இங்குள்ளவர்கள் ஆளின்றித் தவிப்பார்கள், போகாவிட்டால் அங்குள்ளவர்கள்.

அவர் மயிலாப்பூருக்குச் சென்றார். திருத்தூதர் தோமாவின் கல்லறை என்று போற்றப்படும் இடத்தில் தங்கி, இறைவனின் விருப்பத்தைத் தம் உள்ளத்தில் உணரச் செய்யுமாறு தொடர்ந்து மன்றாடினார். 1545 மே 8 அன்று கோவாவிலிருந்த தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் முடிவைத் தெரிவித்தார். மிகுந்த உள்ளார்ந்த ஆறுதலோடு, மலாக்கா செல்வதே இறைவிருப்பம் என்று உணர்ந்ததாக எழுதினார். அந்த ஆண்டு போர்த்துக்கீசியர் கப்பல் கிடைக்காவிட்டால் வேறு யாருடைய கப்பலிலாவது போவதாகவும், கட்டுமரம் ஒன்று புறப்பட்டாலும் அதில் ஏறிப் போவதாகவும் குறிப்பிட்டார். கட்டுமரத்தில் வங்கக்கடலைத் தாண்ட முடியாது என்பது, கடற்கரை மக்களோடு வாழ்ந்த அவருக்குத் தெரியாததன்று. தம் உறுதியை உணர்த்தவே அப்படி எழுதினார்.

இந்நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்கவை நான்கு.

முதலாவது, அவர் அவசரப்படவில்லை. ஒரு திட்டம் முறிந்த ஏமாற்றத்தில் உடனே மற்றொன்றைப் பற்றிக்கொள்ளாமல் வாரக்கணக்கில் செபித்தார்.

இரண்டாவது, பொறுப்பைக் கைவிடவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து தோழர் மன்சியாசுக்கு எழுதிய கடிதத்தில், கடற்கரை ஊர்களையும் அங்குள்ள கிறித்தவர்களையும் கவனிக்க வேண்டிய முறையைப் பற்றி அறிவுறுத்தினார்.

மூன்றாவது, முடிவு சரியாக இருந்தும் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அவர் மலாக்காவை அடைந்தார். ஆனால் மக்காசாருக்கு ஒருபோதும் போகவில்லை. 1546-இல் அம்போன் தீவுக்குச் சென்று மலுக்குத் தீவுகளில் பணியாற்றினார். வழிநடத்துதல் என்பது முழுப் பயணத்திற்குமான வரைபடம் அன்று; அடுத்த அடிக்கான வெளிச்சம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

நான்காவது, ஒரு முடிவில் தெளிவு பெற்றவர் எல்லாவற்றிலும் சரியாக நடந்தார் என்று பொருள் இல்லை. படையெடுப்பைக் கோரியதும், 1546-இல் கோவாவுக்குச் சமய விசாரணை மன்றம் வேண்டும் என்று போர்த்துக்கல் மன்னருக்கு எழுதியதும் இதே சவேரியார்தான். இறைவிருப்பத்தை உண்மையாகத் தேடியவரும் தம் காலத்தின் எண்ணங்களுக்கு உள்ளாகிறார். ஆகவே தெளிந்து தேர்தல் ஒருமுறை கற்று முடிக்கும் பாடம் அன்று.

புன்னைக்காயலும் அண்டிரிக் அடிகளாரும்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே அமைந்த புன்னைக்காயல், 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையின் முக்கிய ஊர்களுள் ஒன்று. இவ்வூரோடு நெருங்கிய தொடர்புடையவர் போர்த்துக்கல்லில் 1520-இல் பிறந்த என்றீக்கே என்றீக்கசு. தமிழ் மக்கள் இவரை அண்டிரிக் அடிகளார் என்று அழைத்தனர்.

அவருடைய அழைப்பே ஓர் அடைபட்ட கதவில் தொடங்கியது. யூத வழித்தோன்றல் என்ற காரணத்தால் பிரான்சிசுகன் சபையிலிருந்து அவர் விலக்கப்பட்டார். 1545-இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1546-இல் இந்தியாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறையை அடைந்தார். முன்பு வேறொரு சபையில் இருந்தது இயேசு சபையில் சேர்வதற்குத் தடையாக இருந்தது. அத்தடையை இஞ்ஞாசியார் நீக்கினார். 1549-இல் வேதாளையில் அன்றோனியோ கிரிமினாலி அடிகளார் கொல்லப்பட்ட பிறகு கடற்கரைப் பணியின் தலைவரானார். 1600-இல் புன்னைக்காயலில் இறக்கும்வரை இம்மக்களிடையே வாழ்ந்தார்.

இவர் செய்த பெரும்பணி, மொழிபெயர்ப்பாளரை நம்பாமல் தாமே தமிழைக் கற்றது. தமிழ் தெரிந்ததால் அவர் ஒருவரே இருவருக்கு மேலான பயன் தருகிறார் என்று சவேரியார் இஞ்ஞாசியாருக்கு எழுதினார். தமிழ் இலக்கணம் ஒன்றைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். புன்னைக்காயலில் நோயுற்ற ஏழைகளுக்காக மருத்துவமனை ஒன்றையும் ஏற்படுத்தினார்.

அவருடைய அச்சு நூல்கள் நான்கு: ‘தம்பிரான் வணக்கம்’ (கொல்லம், 1578), ‘கிரிசித்தியானி வணக்கம்’ (கொச்சி, 1579), ‘கொம்பெசியோனாயரு’ (கொச்சி, 1580), ‘புளோஸ் சாங்க்தோரும்’ (1586). இவற்றுள் கடைசி இரண்டும் தெளிந்து தேர்தலோடு நேரடித் தொடர்புடையவை.

‘கொம்பெசியோனாயரு’ பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தம் செய்ய உதவும் நூல். ஒருவர் தம் மனத்தையும் செயலையும் தாமே திரும்பிப் பார்த்து ஆராய அது வழிகாட்டுகிறது. ஆத்தும சோதனை என்று தமிழ்க் கத்தோலிக்கர் அழைக்கும் பழக்கத்திற்குத் தமிழில் அச்சான முதல் துணைநூல் இதுவே.

‘புளோஸ் சாங்க்தோரும்’ புனிதர்களின் வரலாறுகளைத் தமிழ் உரைநடையில் தரும் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல். பெயரைக் கவனித்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். இலொயோலாவில் படுத்திருந்த இஞ்ஞாசியார் படித்ததும் இதே பெயர் கொண்ட, இதே வகையைச் சேர்ந்த நூலே. இரண்டும் ஒரே நூல் அல்ல. ஆனால் நோக்கம் ஒன்று. எந்த வகை நூலைப் படித்து ஒரு போர்வீரர் தம் மனத்தின் அசைவுகளைக் கவனிக்கத் தொடங்கினாரோ, அந்த வகை நூல் 65 ஆண்டுகள் கழித்து முத்துக்குளித்துறை மக்களின் கைக்குத் தமிழில் வந்து சேர்ந்தது. நீண்ட காலம் மறக்கப்பட்டிருந்த இந்நூலை 1967-இல் இயேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் ‘அடியார் வரலாறு’ என்ற பெயரில் பதிப்பித்தார்.

ஆறுதலும் வறட்சியும்

இஞ்ஞாசியாரின் முறையில் இரண்டு சொற்கள் முதன்மையானவை.

ஆறுதல் என்பது நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகியவை உள்ளத்தில் பெருகும் நிலை. இது வெறும் மகிழ்ச்சி அன்று. தன் தவற்றை எண்ணி ஒருவர் விடும் கண்ணீரும் அவரை இறைவனிடம் கொண்டுவந்தால் அது ஆறுதலே.

வறட்சி என்பது அதற்கு எதிரானது. மனக்கலக்கம், சோம்பல், செபத்தில் சலிப்பு, தான் கைவிடப்பட்டதாக உணர்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். வறட்சி ஒருவரின் கவனக்குறைவால் வரலாம். அவரைச் சோதிக்கவும் வரலாம். ஆறுதல் தம் உழைப்பால் வருவதன்று, அது கொடை என்று உணர்த்தவும் வரலாம் என்று இஞ்ஞாசியார் மூன்று காரணங்களைக் கூறுகிறார்.

இவற்றிலிருந்து எழும் முக்கியமான நடைமுறை விதி: வறட்சி நிலையில் இருக்கும்போது, முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றக் கூடாது. தேர்வில் தோற்ற அன்று இரவே படிப்பை விடுவது, வீட்டில் சண்டை நடந்த அன்றே உறவை முறிப்பது ஆகியவை இவ்விதிக்கு எதிரானவை.

இதைக் கடற்கரை மக்களின் அனுபவத்தோடு ஒப்பிடலாம். வடக்கிலிருந்து வீசுவது வாடை, தெற்கிலிருந்து வீசுவது சோழகம், கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல், மேற்கிலிருந்து வீசுவது கச்சான். பாய்மரக் காலத்தில் எந்தக் காற்று வீசுகிறது என்று தெரியாமல் யாரும் கடலில் இறங்கியதில்லை. காற்று கண்ணுக்குத் தெரியாது. அலையிலும் பாயிலும் அதன் விளைவு தெரியும். உள்ளத்தின் தூண்டுதலும் அவ்வாறே விளைவால் அறியப்படுகிறது. பழகிய கண்ணுக்கே அது புலப்படும்; பழக்கம் ஒரே நாளில் வராது.

நாள்தோறும் செய்யும் ஆய்வு

அன்றாட வாழ்வில் இம்முறையின் அடித்தளம், நாள் முடிவில் செய்யும் சிறு ஆய்வு ஆகும். 10 அல்லது 15 நிமிடம் போதும். அது ஐந்து படிகள் கொண்டது:

1. அன்று பெற்ற நன்மைகளை நினைத்து நன்றி கூறுதல்.
2. தன்னை உள்ளவாறே காண இறைவனிடம் ஒளி வேண்டுதல்.
3. காலை முதல் நடந்தவற்றை மணிவாரியாகத் திரும்பிப் பார்த்தல். எங்கே மனம் திறந்தது, எங்கே மூடிக்கொண்டது என்று கவனித்தல்.
4. தவறியவற்றுக்கு மன்னிப்புக் கேட்டல்.
5. மறுநாளுக்கு ஓர் எளிய தீர்மானம் செய்தல்.

நன்றியில் தொடங்குவது இதன் சிறப்பு. குற்றப்பட்டியலில் தொடங்கினால் மனம் சோர்ந்துவிடும். பல நாள்கள் தொடர்ந்து செய்யும்போது, எந்த ஆட்களிடம், எந்த வேலையில், எந்த நேரத்தில் தன் மனம் எவ்வாறு அசைகிறது என்பது ஒருவருக்குத் தெரியவரும். பெரிய முடிவு எதிரே வரும்போது இந்த அறிவே கைகொடுக்கும்.

முடிவெடுக்கும் மூன்று நிலைகள்

ஒரு முடிவை எடுக்கும் நிலைகள் மூன்று என்று இஞ்ஞாசியார் வகுத்தார்.

முதல் நிலையில் ஐயத்திற்கே இடமில்லாத தெளிவு கிடைக்கிறது. இது அரிது. இரண்டாம் நிலையில் ஆறுதலையும் வறட்சியையும் சில காலம் கவனித்து, எந்தப் பக்கம் ஆறுதல் நிலைக்கிறது என்று காண்கிறோம். சவேரியாரின் மயிலாப்பூர் முடிவு இவ்வகையோடு ஒத்துப்போகிறது. மூன்றாம் நிலையில் மனம் அலைவின்றி அமைதியாக உள்ளது. அப்போது அறிவைப் பயன்படுத்தி நன்மை தீமைகளை எழுதிப் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் பெரும்பாலும் இருப்பது இந்த மூன்றாம் நிலையில்தான். தெளிவான குரல் எதுவும் கேட்கவில்லையே என்று அவர்கள் கலங்கத் தேவையில்லை. அறிவும் இறைவனின் கொடையே.

மூன்றாம் நிலைக்கு உதவ அவர் சில வழிகளைக் கூறுகிறார். முன்பின் அறியாத ஒருவர் இதே சிக்கலோடு வந்தால் அவருக்கு என்ன அறிவுரை கூறுவோம் என்று எண்ணிப் பார்த்தல் ஒன்று. இறக்கும் வேளையில், எதைத் தேர்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுமோ அதை எண்ணிப் பார்த்தல் மற்றொன்று. எவ்வழியில் முடிவெடுத்தாலும், அதை இறைவன் முன் வைத்து உறுதிப்படுத்துமாறு வேண்ட வேண்டும்.

எடுத்துக்காட்டாக, கடற்கரை ஊர் ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவியை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடியில் கல்லூரியில் சேர்வதா, குடும்பக் கடனை அடைக்க உடனே வேலைக்குப் போவதா என்பது கேள்வி. முதலில் அவள் உண்மைகளைச் சேகரிக்க வேண்டும்: கடன் எவ்வளவு, கல்வி உதவித்தொகை கிடைக்குமா, தந்தையின் உடல்நிலை எப்படி. பிறகு, எது வந்தாலும் ஏற்கும் மனநிலையை வேண்ட வேண்டும். பிறகு இரு வழிகளையும் தனித்தனியே, ஒவ்வொன்றையும் முடிவு செய்துவிட்டதாகவே பாவித்து, சில நாள்கள் மனத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அச்சத்தால் ஒன்றைத் தேர்கிறாளா, அன்பால் தேர்கிறாளா என்பதே உரைகல். கடைசியாக, ஆசிரியர் அல்லது பங்குத்தந்தை போன்ற நடுநிலையான ஒருவரிடம் பேச வேண்டும். குடும்பத்திற்காகத் தியாகம் செய் என்று மற்றவர் அவள் மீது சுமத்தும் முடிவும், அவளாக உள்ளுணர்ந்து எடுக்கும் முடிவும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியலாம். உள்ளே அவை ஒன்றல்ல.

பிற திருச்சபைகளில்

இப்பழக்கம் கத்தோலிக்கர்க்கு மட்டும் உரியதன்று. திருச்செந்தூரை அடுத்த வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. ச. அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் மறைப்பணி நடத்துவதைக் கண்டார். தம் ஊரார் ஏன் அவ்வாறு செய்யவில்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. அதன் விளைவாக 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டது. பின்னர் அவரே தெலுங்கு கற்றுத் தோர்ணக்கல் சென்று, 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய ஆயரானார். பிறருக்கு வந்ததாக நினைத்த அழைப்பு தமக்கே உரியது என்று அவர் உணர்ந்தார்.

தவறுகளும் எல்லைகளும்

இறைவன் என்னிடம் சொன்னார் என்ற கூற்று மிகுந்த வலிமை உடையது. அதனாலேயே ஆபத்தும் உடையது. கீழ்க்காணும் எச்சரிக்கைகள் மரபாகச் சொல்லப்படுகின்றன:

தீயது என்று தெரிந்ததைத் தேர்வுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. பிறருக்குத் தீங்கு செய்யுமாறு இறைவன் தூண்டுவதாக ஒருவர் கூறினால் அது தவறு என்று ஆராயாமலே கொள்ளலாம்.

மருத்துவத்தை விலக்கக் கூடாது. நோய்க்குச் சிகிச்சை பெறாமல் அடையாளத்திற்காகக் காத்திருப்பது இம்முறைக்கு முற்றிலும் மாறானது. புன்னைக்காயலில் செபத்தோடு மருத்துவமனையையும் ஏற்படுத்திய அண்டிரிக் அடிகளாரின் வழி இதற்குச் சான்று. அவ்வாறே, கடலுக்குப் போக வேண்டாம் என்ற வானிலை எச்சரிக்கையை மீறுவது நம்பிக்கை ஆகாது. நீண்ட காலம் நீங்காத மனச்சோர்வை ஆன்மிக வறட்சி என்று மட்டும் எண்ணி விட்டுவிடாமல் மருத்துவரைக் காண வேண்டும்.

ஒருவருக்காக மற்றொருவர் இறைவிருப்பத்தைத் தீர்மானிக்கக் கூடாது. வழிகாட்டுபவர் தராசின் முள் போல நடுவில் நிற்க வேண்டும். இன்னாரை மணந்துகொள், இந்தத் தொழிலை விடு, இவ்வளவு பணம் கொடு என்று ‘இறைவாக்கு’ உரைப்பவர்களிடம் விழிப்போடு இருக்க வேண்டும்.

இரகசியத்தை ஐயப்பட வேண்டும். ஒரு தூண்டுதல் யாரிடமும் சொல்லாதே என்று வற்புறுத்தினால், அதையே முதலில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்பது இஞ்ஞாசியாரின் அறிவுரை.

கனியைக் கொண்டு மரத்தை அறிய வேண்டும். அன்பு, அமைதி, பொறுமை, கனிவு ஆகியவை வளர்ந்தால் முடிவு நல்ல வழியில் செல்கிறது. செருக்கும் கலகமும் வளர்ந்தால் மீண்டும் ஆராய வேண்டும்.

இக்காலத்தில்

திருத்தந்தை பிரான்சிசு 2022 ஆகஸ்டு முதல் 2023 சனவரி வரை தம் புதன்கிழமை மறைக்கல்வி உரைகளில் தெளிந்து தேர்தலைப் பற்றித் தொடர்ந்து பேசினார். அதனால் தமிழ்ப் பங்குகளிலும் இச்சொல் பரவலாக அறிமுகமாயிற்று. ஆனால் முத்துக்குளித்துறைக்கு இது புதிய வரவு அன்று. அச்சில் வந்த தமிழ் நூல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியனவாக இருந்த காலத்திலேயே, தன் மனத்தைத் தானே ஆராய்வதற்கான நூலும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. புன்னைக்காயலில் வாழ்ந்த ஒருவரின் உழைப்பு அது. அன்றன்று மாலை சில நிமிடம் அமைதியாக அமர்ந்து நாளைத் திரும்பிப் பார்ப்பது, அவர் தொடங்கி வைத்த பாடத்தை இன்றும் தொடர்வதாகும்.